வாரண்டி முடியாத காரில் என்ஜின் ரீமேப்: எந்த வழியில் யார் செலவு

டர்போ என்ஜின் உள்ள காரில், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யுவின் மென்பொருளை மாற்றி எழுதினால் (இதுவே ரீமேப்) கிடைக்கும் கூடுதல் இழுவை கற்பனையன்று. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் என்ஜினை ரீமேப் செய்தால் ஓட்டுபவர் உணரும் அளவுக்குக்கூட மாற்றம் வராமல் போகலாம். டர்போ என்ஜினிலோ, எந்தப் பாகத்தையும் தொடாமல் மென்பொருளை மட்டும் மாற்றுகிற ‘ஸ்டேஜ் 1’ ரீமேப்பிலேயே இருபது முதல் முப்பது சதவீதம் வரை டார்க் எனப்படும் சுழற்று விசை கூடுவது வழக்கம். ஆகவே பலன் உண்டா என்பதை இங்கே விவாதிக்கத் தேவையில்லை. வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காரின் உரிமையாளர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ, இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பழுதானால் அதற்குப் பணம் கட்டப்போவது யார்? கையில் இருக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

முதலில், கம்பெனி ஏன் அந்தச் சக்தியை உள்ளேயே விட்டுவைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். ‘வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள், நாங்கள் திறந்துவிடுகிறோம்’ என்று ரீமேப் செய்து தரும் டியூனர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மஹிந்திராவின் 2.2 லிட்டர் டீசல் என்ஜினையே எடுத்துக்கொள்வோம். ஸ்கார்பியோ என் காரின் தொடக்க நிலை வகையில் அது 132 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது; மேல்நிலை வகைகளில் 175 குதிரைத்திறன். எக்ஸ்.யு.வி.700 காரின் ஏ.எக்ஸ் வகையில் 185 குதிரைத்திறன் வரை போகிறது. அந்த 185 குதிரைத்திறன் என்ஜினே மேனுவல் கியர்பாக்ஸோடு வரும்போது 420 நியூட்டன் மீட்டரும், ஆட்டோமேட்டிக்கோடு வரும்போது 450 நியூட்டன் மீட்டரும் தருகிறது. என்ஜினின் திறமையை மட்டும் பார்த்து டார்க் அளவு முடிவு செய்யப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பின்னால் வரும் கியர்பாக்ஸையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ், டைகுன் கார்களில் வரும் 1.5 டி.எஸ்.ஐ என்ஜின். அது 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டரும் தருகிறது. அதோடு வரும் டி.எஸ்.ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உலர் கிளட்ச் கொண்ட டி.கியூ.200 வகையைச் சேர்ந்தது. அது தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் உச்ச டார்க்கும் அதே 250 நியூட்டன் மீட்டர்தான். இங்கே மிச்சம் என்று ஒன்று வைக்கப்படவே இல்லை. இந்தக் காரை ஸ்டேஜ் 1 ரீமேப் செய்து 300 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வைப்பவர், குறித்த எல்லைக்கு வெளியேதான் தினமும் ஓட்டுகிறார். அதே என்ஜின் ஆறு கியர் மேனுவலோடு வரும்போது கணக்கு வேறு. அங்கே முதலில் கை விரிப்பது பெரும்பாலும் கிளட்ச் தகடு. அதன் விலை டி.எஸ்.ஜியில் கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மெக்காட்ரானிக் யூனிட்டின் விலையோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. ஒரே என்ஜின், ஒரே ரீமேப் ஃபைல் என்றாலும் எந்தக் கியர்பாக்ஸ் என்பதைப் பொறுத்து ஆபத்தின் விலை பல மடங்கு மாறுகிறது. நண்பருடைய காருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து நம் காருக்கு முடிவு எடுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

கூடுதல் சக்தி உள்ள வகையில் மென்பொருள் மட்டுமன்றி, பாகங்களும் வேறாக இருக்கலாம். இந்தியாவில் பல கம்பெனிகளின் கார்களில் ஓடிய 1.3 மல்டிஜெட் டீசல், 75 குதிரைத்திறன், 90 குதிரைத்திறன் என இரண்டு வடிவங்களில் வந்தது. 90 குதிரைத்திறன் வடிவத்தில் இருந்தது வி.ஜி.டி எனப்படும் இறக்கை கோணம் மாறும் டர்போ. 75 குதிரைத்திறன் வடிவத்தில் இருந்தது கோணம் மாறாத டர்போ. மென்பொருளால் 75ஐ 90 ஆக்கிவிட முடியும், ஆனால் அந்த வேலையைச் சிறிய டர்போ எந்த வெப்பத்தில், எந்தச் சுழற்சி வேகத்தில் செய்து முடிக்கிறது என்பதை சக்தியை அளந்து தரும் டைனோ சோதனையின் தாள் காட்டாது.

இப்போது முழு ரீமேப்புக்கு வருவோம். டியூனர், பழுது கண்டறியும் கருவியைச் செருகும் ஓ.பி.டி போர்ட் வழியாகவோ, இ.சி.யுவைக் கழற்றி மேசையில் வைத்தோ அதன் ஃபைலைப் படித்தெடுக்கிறார். டர்போ அழுத்த இலக்கு, எரிபொருள் அளவு, பெட்ரோல் என்றால் தீப்பொறி நேரம், டீசல் என்றால் இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் காமன் ரெயில் குழாயின் அழுத்தம், இவற்றுக்கெல்லாம் மேலே காவலுக்கு நிற்கும் டார்க் வரம்பு ஆகிய அட்டவணைகளைத் திருத்தி மீண்டும் எழுதுகிறார். நல்ல டியூனர் வெப்பப் பாதுகாப்பு, நாக் (கலவை தாறுமாறாக வெடிப்பது) பாதுகாப்பு ஆகியவற்றில் கை வைக்க மாட்டார். நடுவில் ஓட்டிப் பார்த்து, சென்சார் அளவுகளின் பதிவான லாக் எடுத்து, இந்தக் காருக்கென்றே திருத்துவார். மற்றவர்கள் எங்கிருந்தோ வாங்கிய பொதுவான ஃபைலை ஏற்றி அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இந்தியாவில் சாதாரண கார்களுக்கு இந்த வேலைக்குப் பல பத்தாயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். கிடைக்கும் டார்க்கோடு ஒப்பிட்டால் மலிவுதான். பிற்பாடு வரக்கூடிய செலவு அதில் அடங்கவில்லை.

அந்தச் செலவு எப்படி வருகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. கொல்லிமலைக்குப் போகும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைத் தாண்டி, ரீமேப் செய்த மேனுவல் காரில் மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் டேக்கோமீட்டர் முள் சரசரவென்று ஏறும், ஸ்பீடோமீட்டர் முள் அதே இடத்தில் நிற்கும். கிளட்ச் வழுக்குகிறது என்பதன் முதல் அடையாளம் அது. சிறிது நேரத்தில் கருகிய வாடையும் வரும். டர்போ பெட்ரோல் என்ஜின்களில் இதைவிடக் கவலைக்குரியது, குறைந்த சுற்றில் அதிக டார்க் கேட்கும்போது தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது. எல்.எஸ்.பி.ஐ என்று சொல்லப்படும் இந்நிகழ்வு நேரடி ஊசி கொண்ட சிறிய டர்போ என்ஜின்களில் பிஸ்டனின் வளையப் பகுதியையே உடைத்துவிடக்கூடியது. 1,500 சுற்றிலேயே ஆளைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிய ஃபைல், அந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறது. டீசலில் கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் கரி. பி.எஸ்.6 மாசு விதிப்படி வந்த டீசல் காரில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் வடிகட்டி விரைவில் நிறைந்து, சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்கும் ரீஜெனரேஷனை அடிக்கடி கேட்கும். நகரத்துக்குள்ளேயே ஓடும் கார் என்றால் அது முடிவதற்குள் வண்டியை நிறுத்துவதும், எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலப்பதும் கூடும். இந்தத் தொல்லைக்கு மருந்து என்று சொல்லி டி.பி.எஃபையே நீக்கித் தரும் கடைகள் உண்டு. அது தெருவில் மூச்சு விடும் ஒவ்வொருவருக்கும் செய்யும் தீங்கு. இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமே கிடையாது.

பிரீமியம் பெட்ரோலை வைத்து எழுதிய ஃபைலுக்கு எக்ஸ்.பி.95, எக்ஸ்.பி.100 போன்றவற்றையே எப்போதும் ஊற்ற வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மலையடிவாரப் பங்கில் அது கிடைக்காத நாளில் காரை மெதுவாகத்தான் ஓட்டியாக வேண்டும்.

‘சர்வீஸுக்கு விடும் முன் பழைய ஃபைலை ஏற்றிவிடுவோம், யாருக்கும் தெரியாது’ என்பதே பலரை இந்த முடிவுக்குத் தள்ளும் வாக்குறுதி. தெரியாது என்பது உறுதியில்லை. ஒவ்வொரு இ.சி.யுவிலும் இருக்கும் மென்பொருளுக்கு ஓர் அடையாளம் உண்டு. அந்த மென்பொருளின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் சி.வி.என் என்ற சரிபார்ப்பு எண்ணும் உண்டு. இரண்டையும் சாதாரண ஓ.பி.டி கருவியாலேயே படிக்க முடியும். அட்டவணையில் ஒரு மதிப்பு மாறினாலும் சி.வி.என் மாறிவிடும், டியூனர் அதையும் சேர்த்துப் போலியாகச் சரிசெய்தால் தவிர. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் அந்த எண் சரியாகிவிடும். ஆனால் பல இ.சி.யுக்களில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கும், எந்தத் தேதியில், எந்தப் பணிமனைக் குறியீட்டோடு எழுதப்பட்டது என்ற பதிவும் தனியே தங்குகின்றன. சர்வீஸ் அட்வைசரின் ஜாப் கார்டுகளில் மென்பொருள் அப்டேட் எதுவும் இல்லாத ஒரு காரில் எழுதிய எண்ணிக்கை கூடியிருந்தால், அதற்கு விளக்கம் கேட்பது இயல்பு. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஔடி டீலர்கள் காரைக் கம்பெனி சர்வரோடு இணைத்துப் பார்க்கும்போது மென்பொருள் ஒத்துப்போகாவிட்டால், அந்தக் காரின் சேஸிஸ் எண்ணுக்கு எதிரே டி.டி.1 என்ற குறி விழுகிறது. அதன்பின் எந்த ஊர் டீலரிடம் போனாலும் என்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்த வாரண்டி கோரிக்கை அந்தக் குறியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மறுபக்கத்தில், ஃபைலை மாற்றிய நொடியிலேயே மொத்த வாரண்டியும் செத்துவிடும் என்பதும் மிகை. பவர் விண்டோ மோட்டார் பழுதுக்கும் டர்போ அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இதில் நுகர்வோருக்குத் துணை நிற்கிறது. வெளியிலிருந்து வாங்கிய பாகமோ மாற்றமோதான் பழுதுக்குக் காரணம் என்று காட்டும் சுமையைக் கம்பெனி ஏற்றாக வேண்டும். ரீமேப் செய்தவர்களுக்கு அந்தச் சட்டம் கவசம் என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். டார்க்கை முப்பது சதவீதம் கூட்டிய காரில் கிளட்ச் எரிந்தால் காரணத்தைக் காட்டுவது கம்பெனிக்குக் கடினமான வேலையே அல்ல என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

இந்தியாவில் அதற்கு நிகரான தனிச் சட்டம் இல்லை. இருப்பதில் நெருக்கமானது, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணை. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அந்த ஆணை, வெளியில் பழுதுபார்த்தாலே வாரண்டி முழுக்க ரத்து என்ற பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது என்றும், வெளி வேலையின் குறையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் சொன்னது. பிறகு அது மேல்முறையீடுகளுக்குப் போனது. அந்த ஆணையின் நியாயம் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அது பழுதுபார்ப்பதைப் பற்றியது. என்ஜினின் சக்தியைக் கூட்டுவதற்கு அதை அப்படியே நீட்டிப் படிக்க முடியாது. வாரண்டிப் புத்தகத்தைத் திறந்து ‘மாற்றியமைத்தல்’ பற்றிய பத்தியைப் படித்தால் இரண்டு வகை வாசகங்களில் ஒன்று இருக்கும். மாற்றத்தால் விளைந்த பழுது வாரண்டியில் சேராது என்பது ஒன்று; மாற்றம் செய்த வண்டிக்கு வாரண்டியே கிடையாது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் லட்சக்கணக்கான ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. கூடுதலாகப் பணம் கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குத் தனி விதிகள் இருக்கும். அதைத் தனியே படிக்க வேண்டும்.

டீலர் நியாயமில்லாமல் மறுத்துவிட்டார் என்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் வழக்கு அங்கேயே தொடங்கும்; இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆனால் அது முடியும்வரை கார் கியர்பாக்ஸ் இல்லாமல் நிற்குமா, அல்லது சொந்தச் செலவில் மாட்டி ஓட்டிக்கொண்டு வழக்கை நடத்துவீர்களா என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இந்த இடத்தில் கைகொடுக்காது. வழக்கமான மோட்டார் பாலிசி தேய்மானத்தையும், இயந்திரம் தானாகப் பழுதாவதையும் விலக்கியே வைத்திருக்கிறது. காரில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்பது விபத்துக் கோரிக்கையிலும் சிக்கலைக் கொண்டுவரலாம்.

சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. குதிரைத்திறன் அந்த விவரங்களில் ஒன்று. 2019 திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. சாலையோரச் சோதனையில் சைலன்சர்போல ரீமேப் கண்ணில் படுவதில்லை என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பெரிய விபத்துக்குப் பிறகு காரை ஆய்வு செய்யும் நாளில்தான் அது கண்ணில் படும்.

டியூனிங் பாக்ஸ் என்பது ரீமேப்புக்கு மாற்றாக விற்கப்படும் வழி. டர்போ அழுத்த சென்சார், ரெயில் அழுத்த சென்சார் ஆகியவற்றின் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து, உண்மையான அளவைவிடக் குறைவாக இ.சி.யுவுக்குச் சொல்கிறது இந்தப் பெட்டி. குறைவாக இருக்கிறதே என்று இ.சி.யு அழுத்தத்தைக் கூட்டுகிறது. சர்வீஸுக்கு முன் கழற்றிவிடலாம், இ.சி.யு ஃபைலில் கை படாது என்பதுதான் இதன் விற்பனை வாசகம். என் பார்வையில் வாரண்டி உள்ள காருக்கு இதுவே எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. ரீமேப்பில் நல்ல டியூனர் எல்லா அட்டவணைகளையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி திருத்த முடியும், இங்கே இ.சி.யுவுக்கே உண்மை தெரியாததால் அதன் பாதுகாப்புக் கணக்குகள் எல்லாம் தவறான எண்களின் மேல் நிற்கின்றன. மறைப்பும் முழுமையானதல்ல: பழுதுக் குறியீடு ஒன்று பதிவாகும் நொடியில் அப்போதைய சுற்று, சுமை, அழுத்தம் ஆகியவற்றையும் இ.சி.யு சேர்த்துச் சேமித்துக்கொள்கிறது. பலமுறை கழற்றி மாட்டிய கனெக்டரின் கீறல்கள் வேறு. இயந்திரத்தின் பாதுகாப்பு ரீமேப்பைவிடக் குறைவு, வாரண்டிச் சிக்கல் ஏறக்குறைய அதேதான் என்றால் மிஞ்சும் லாபம் விலை மட்டுமே.

பெடல் பாக்ஸ் வேறு வகை. அது ஆக்ஸிலரேட்டர் மிதியின் சமிக்ஞையை மட்டும் கூர்மையாக்குகிறது. என்ஜினின் உச்ச சக்தி ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது, கியர்பாக்ஸ் மேல் புதிய சுமையும் விழாது. கார் மந்தமாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் தொந்தரவு தருவது மிதித்ததற்கும் இழுப்பதற்கும் இடையிலான தயக்கம்தான். அவர்கள் காரில் உள்ள ஸ்போர்ட் மோடை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பெரும்பாலும் பெடல் பாக்ஸ் செய்வதைத்தான் ஸ்போர்ட் மோடும் செய்கிறது, அதுவும் வாரண்டிப் பேச்சே எழாமல்.

கம்பெனியே ஒப்புக்கொண்ட டியூனிங் என்று ஒன்று இருந்தால் இந்த விவாதத்துக்கே வேலையில்லை. பிரிட்டனில் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி காருக்கு மவுன்டியூன் நிறுவனம் தந்த எம்.பி.215 கிட், 182 குதிரைத்திறனை 215 ஆக்கியது. ஃபோர்டு டீலரிடம் பொருத்திக்கொண்டால் கம்பெனி வாரண்டி தொடர்ந்தது. வோல்வோவும் தன் கார்களுக்குப் போல்ஸ்டார் பெயரில் வாரண்டியோடு கூடிய மென்பொருளைத் தந்தது. நம் சாலைகளில் அதிகம் ஓடும் கார்களுக்கு இப்படி ஒரு வழி வழக்கத்தில் இல்லை. கம்பெனிகள் இதைத் தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தரும்வரை, இந்திய வாங்குபவருக்கு வாரண்டியோடு கிடைக்கும் ஒரே ‘டியூனிங்’ கூடுதல் சக்தி உள்ள வகையையே வாங்குவதுதான். இன்னும் கார் வாங்காதவருக்கு என் பரிந்துரை தயக்கமில்லாமல் இதுவே. 1.0 டி.எஸ்.ஐ காரின் 115 குதிரைத்திறனை வாங்கி ரீமேப் செய்ய நினைப்பவர், வட்டியைக் கணக்கில் சேர்த்தாவது 1.5ஐ வாங்கட்டும். விற்கும்போதும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ரீமேப்புக்குக் கொடுத்த பணம் கிடைக்காது.

ஏற்கெனவே கார் வைத்திருப்பவருக்கு இரண்டே நேர்மையான வழிகள்தான் மிச்சம்: வாரண்டி முடியும்வரை காத்திருப்பது, அல்லது வாரண்டி போய்விட்டது என்று மனதார ஒப்புக்கொண்டு இன்றே செய்வது. இரண்டாவதைத் தேர்பவர், கியர்பாக்ஸோ டர்போவோ மாற்ற ஆகும் தொகையை டீலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தனியே எடுத்துவைக்க முடிந்தால் மட்டும் செய்யட்டும். பழைய ஃபைலை ஏற்றி ஒளித்து வாரண்டியில் பாகம் வாங்குவதும், ரீமேப் செய்ததைச் சொல்லாமல் காரை விற்பதும் அடுத்தவர் பணத்தில் கை வைப்பதாகும். மேனுவல் டீசல் காரும், சிறிது வரம்பு மிச்சமுள்ள கியர்பாக்ஸும், பொறுமையான கால்களும் உள்ளவருக்கு இந்த வழி தாங்கும். டி.கியூ.200 வகையை வைத்திருப்பவருக்குத் தாங்காது.

காத்திருக்கும் வழிக்கு ஒரு வேலைத்திட்டம் உண்டு. வாரண்டி முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே காரை முழுமையாகச் சோதிக்கக் கொடுத்து, டர்போவில் ஆயில் கசிவு, டீசல் என்றால் இன்ஜெக்டர் லீக்-ஆஃப் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பிப் போகும் டீசல்) அளவு, கியர் விழும்போது வரும் அதிர்வு, பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீடுகள் ஆகிய எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுத வைத்து, கம்பெனிச் செலவில் மாற்ற வேண்டியவற்றை அப்போதே மாற்றிவிட வேண்டும். நிலுவையில் உள்ள மென்பொருள் அப்டேட்டையும் அப்போதே போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் பின்னால் டீலர் போடும் அப்டேட் டியூனர் ஃபைலை அழித்துவிடும். பிறகு டியூனரிடம் போகும்போது, கையொப்பமிட்ட பில்லும், தொடாத மூல ஃபைலின் பிரதியும், ரீமேப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த லாக்குகளும், ஃபைலை அழிக்கும் அப்டேட் வந்தால் மறுபடி ஏற்றித் தருவார் என்ற எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ‘நாங்களும் வாரண்டி தருகிறோம்’ என்று சொன்னால், அது ஃபைலுக்கா, என்ஜினுக்கா என்று கேட்டு, பதிலை அந்தப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.